நீரடி ஸ்கூட்டர்: நீரில் இறங்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

நீரடி ஸ்கூட்டர் என்பது எது?

பேட்டரியில் ஓடும் ஒரு மின்மோட்டார், அதன் பின்முனையில் ஒரு கூட்டுக்குள் சுழலும் புரொப்பெல்லர், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, அழுத்தினால் ஓடி விட்டால் நிற்கும் ஒரு விசைப்பொத்தான்: இவ்வளவுதான் இந்தக் கருவி. புரொப்பெல்லர் நீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கருவியும் அதைப் பிடித்திருப்பவரும் முன்னுக்கு நகர்கிறார்கள். இரு கைகளாலும் முன்னே நீட்டிப் பிடிக்கும் சிறு வகை, நீச்சல் குளத்திலும் கரையோரத்திலும், நீருக்கு மேலே நீட்டி மூச்சு வாங்கும் ஸ்நார்க்கல் குழாயோடு நீந்துபவர்களுக்கானது. உடலில் அணிந்த பட்டையில் மாட்டிய கயிற்றால் ஆளை இழுத்துச் செல்லும் பெரிய வகை, ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரைச் சுமந்து அதிலிருந்து சுவாசிக்கும் முறை) பயிற்சி பெற்று நெடுந்தூரம் முக்குளிப்பவர்களுக்கானது.

சாலையில் ஓடும் ஸ்கூட்டரோடு இதற்குப் பெயரைத் தவிர வேறு உறவு இல்லை. இதற்குப் பிரேக் கிடையாது. சாலையில் வண்டி நின்றுவிட்டால் ஓரமாக நிறுத்திவிட்டு நடக்கலாம். இங்கே ஓரம் என்பதே இல்லை. சாலைக்கு இல்லாத மேலும் கீழுமான திசையும் இங்கே உண்டு. பெரும்பாலான விபத்துகள் அந்தத் திசையில்தான் காத்திருக்கின்றன. கீழே வரும் பதில்களில் பலவும் ஒரே கேள்வியைச் சுற்றி வருவதைக் காண்பீர்கள்: மோட்டார் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்திலிருந்து மோட்டார் இல்லாமல் உங்களால் திரும்ப முடியுமா?

நீச்சல் தெரியாதவர் இதைப் பிடித்துக்கொண்டு போகலாமா?

கூடாது. ஸ்கூட்டர் உயிர்காக்கும் மிதவை அல்ல. சில கருவிகள் மிதக்கும் என்பது உண்மைதான். ஆனால் கருவி தான் மிதப்பதற்கும் ஓர் ஆளைத் தாங்கி மிதப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. மிதப்பறையைக் கழற்றிவிட்டால் அதே கருவி மூழ்கவும் செய்யும்.

எவ்வளவு வேகத்தில் செல்லும்? அது அவ்வளவு பெரிய வேகமா?

சாதாரணக் கைப்பிடி வகைகள் மணிக்கு 3 முதல் 6 கி.மீ. வரை செல்லும். நடக்கும் வேகம்தானே என்று தோன்றும். ஆனால் சிலிண்டரும் துடுப்புக் காலணியும் அணிந்த ஒருவர் களைப்பின்றி நீந்துவது மணிக்கு 1 கி.மீ., மிஞ்சினால் ஒன்றரை கி.மீ. என்பதை நினைவில் கொண்டால், இது மூன்று நான்கு மடங்கு வேகம் என்பது விளங்கும்.

நீரின் தெளிவோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வேகத்தின் பொருள் தெரியும். மணிக்கு 4 கி.மீ. என்பது வினாடிக்கு ஏறத்தாழ 1.1 மீ. கலங்கிய நீரில் 3 மீ. வரைதான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், எதிரே ஒரு பாறையோ நங்கூரக் கயிறோ தோன்றியதிலிருந்து அதில் மோதுவதற்குள் உங்களிடம் இருப்பது மூன்று வினாடிக்கும் குறைவான நேரம். பொத்தானை விட்டதும் மோட்டார் நின்றாலும் உடல் சற்றுத் தூரம் சறுக்கிக்கொண்டே போகும். ஆகவே பார்வை 5 மீட்டருக்குக் குறைவாக உள்ள நீரில் ஸ்கூட்டரை ஓட்டுவதே தேவையில்லை என்பது என் கருத்து. அப்படியும் ஓட்டத்தான் வேண்டும் என்றால் மிகக் குறைந்த வேகத்தில், ஒரு கையைத் தலைக்கு முன்னே நீட்டியபடி செல்ல வேண்டும். ஒரு கையால் இயக்க முடியாத வகை என்றால் அந்த நாளைக்கு அதைக் கரையிலேயே விட்டுவிடலாம்.

இறங்கும் முன் கருவியில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஓ ரிங். பேட்டரி அறையின் மூடிக்கும் உடலுக்கும் இடையே பள்ளத்தில் அமர்ந்திருக்கும் அந்த ரப்பர் வளையம்தான் உள்ளே உள்ள மின்சாரத்துக்கும் வெளியே உள்ள கடலுக்கும் நடுவில் நிற்கும் ஒரே காவல். அதைக் கூர்மையான எதனாலும் நெம்பாமல் விரலால் பிதுக்கி வெளியே எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒரு சுற்று மெதுவாக உருட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் ஒரு மணல் துகள் விரல் நுனியில் உறுத்தும். வெட்டுப் பட்ட இடம் லேசாகத் தடுக்கும். பள்ளத்தைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, வளையத்தின் மீது பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் உரிய கிரீஸைத் தடவுங்கள். கிரீஸ் நீரைத் தடுப்பதில்லை. வளையம் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காரத்தான் அது உதவுகிறது. அள்ளிப் பூசினால் மணலைத்தான் ஈர்க்கும். சிலிக்கோனால் ஆன வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் போட்டால் அது ஊதிப்போகக்கூடும் என்பதால், வளையம் எதனால் ஆனது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடும்போது ஒரே ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் அழுத்தம் கூடக் கூட நீர் அந்த முடியின் ஓரமாக வழி கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது விசைப்பொத்தான். பத்து முறை அழுத்தி விட்டுப் பாருங்கள்; ஒவ்வொரு முறையும் தானாகத் துள்ளித் திரும்ப வேண்டும். உப்பு படிந்த பொத்தான் அழுத்திய இடத்திலேயே சிக்கி நிற்கும். பிறகு புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் முதன்மை சுவிட்ச் அணைந்திருக்கிறதா அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளாமல் விரலைக் கூட்டுக்குள் விடக்கூடாது. தரையில் மோட்டாரை ஓட்டிச் சோதிப்பதாக இருந்தால் ஓரிரு வினாடி போதும். புரொப்பெல்லர் தண்டைச் சுற்றி நீர் புகாமல் தடுக்கும் அடைப்புகளைக் குளிர்விப்பதும் வழுக்கவைப்பதும் நீர்தான். காற்றில் தொடர்ந்து ஓடினால் அவை சூடேறித் தேய்ந்துவிடும்.

ஏரியில் நன்றாக இருந்த ஸ்கூட்டர் கடலில் ஏன் மேலே மேலே இழுக்கிறது?

நன்னீரின் அடர்த்தி லிட்டருக்கு 1 கிலோ. கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 கிலோ. பத்து லிட்டர் நீரை இடம்பெயர்க்கும் கருவிக்குக் கடலில் கூடுதலாக 250 கிராம் மிதப்பு கிடைத்துவிடும். கடலுக்கென்று சமன்செய்த கருவி இதே காரணத்தால் ஏரியில் மூழ்கும். கை நழுவினால் அடிமட்டத்துக்கே போய்விடும். இடம் மாறும்போதெல்லாம் அதற்குரிய எடைத்துண்டைச் சேர்த்தோ கழற்றியோ, இடுப்பளவு நீரில் கையை விட்டுப் பார்த்து, அந்தரத்தில் நிற்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உடலை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்?

தரைக்கு இணையாக, நீட்டிப் படுத்த நிலையில். சிறு வகையில் இரு கைகளையும் முன்னே நீட்டி, முழங்கைகளைச் சற்றே தளர்த்திப் பிடித்தால் போதும். கட்டை போல விறைத்துப் பிடித்தால் பத்து நிமிடத்தில் தோள்பட்டை வலிக்கத் தொடங்கும். இழுவை வகையில் கயிறு தொடைகளுக்கு இடையே வரும் பட்டையின் வளையத்தில் மாட்டப்படுகிறது. இழுப்பு முழுவதையும் அந்தப் பட்டை தாங்க, கை திசை காட்டுவதற்கு மட்டும் பயன்பட வேண்டும். கயிற்றின் நீளம் சரியாக இருந்தால் புரொப்பெல்லர் தள்ளும் நீர் உங்கள் மார்புக்கும் வயிற்றுக்கும் கீழாகப் பாய்ந்து போகும். அந்த நீரோட்டம் நெஞ்சில் மோதுவதை உணர்ந்தால் கயிறு குட்டையாக இருக்கிறது என்று பொருள். உங்கள் உடலே உங்களுக்குப் பிரேக் போட்டுக்கொண்டிருக்கிறது.

வேகமாகச் செல்லும்போது தலையைப் பக்கவாட்டில் சட்டென்று திருப்ப வேண்டாம். எதிர்நீர் முகமூடியின் ஓரத்தைத் தூக்கிவிடும். சிலிண்டரின் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரையும் பிடுங்கப் பார்க்கும். சில ரெகுலேட்டர்களின் நடுப்பொத்தான் நீரின் அழுத்தத்தாலேயே அழுந்திக் காற்றைக் கொட்டிவிடும்.

கீழே இறங்கும்போது காது ஏன் இப்படி வலிக்கிறது?

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நீரின் அழுத்தம் 1 பார் கூடுகிறது (பார் என்பது அழுத்தத்தின் அலகு). மேற்பரப்பில் 1 பாராக இருந்தது 10 மீட்டரில் 2 பார், அதாவது இரு மடங்கு. அடுத்த 10 மீட்டரில் அது ஒன்றரை மடங்குதான் ஆகிறது. ஆகவே மேற்பரப்பை ஒட்டிய முதல் சில மீட்டர்களில்தான் செவிப்பறை மீது ஏற்படும் மாற்றம் மிக வேகமானது. காலால் உந்தி இறங்குபவர் தன்னை அறியாமலே நின்று நின்று இறங்குவார். ஸ்கூட்டரின் முன்முனையைக் கீழே சாய்த்தவர் ஐந்தே வினாடியில் நான்கு மீட்டர் இறங்கியிருப்பார். இரு கைகளும் கைப்பிடியில் இருப்பதால் மூக்கைப் பிடித்து ஊதவும் கை இருக்காது.

மோட்டாரை நிறுத்திவிட்டு, காலை முதலில் விட்டு, ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சமன்செய்தபடி மெதுவாக இறங்குங்கள். விரும்பிய ஆழத்துக்கு வந்த பிறகுதான் பொத்தானைத் தொட வேண்டும். வலி வந்த பிறகு ஊதுவது தாமதமான செயல். வலித்தால் ஒரு மீட்டர் மேலேறி மீண்டும் முயல வேண்டும். சளி பிடித்திருக்கும் நாளில் இறங்கவே வேண்டாம்.

மேலே வருவதற்கு ஸ்கூட்டரைப் பயன்படுத்தலாமா?

ஸ்கூபா காற்றைச் சுவாசித்துக்கொண்டிருப்பவர் பயன்படுத்தக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏற வேண்டும் என்பது இன்று பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் ஓடும் ஸ்கூட்டரை நேராக மேல்நோக்கிப் பிடித்தால் அது நிமிடத்துக்கு 66 மீட்டருக்கும் கூடுதலான வேகம்; ஏழு மடங்கு. பத்தே வினாடியில் 11 மீ. ஏறிவிடுவீர்கள்.

அந்தப் பத்து வினாடியில் உடலுக்குள் நடப்பது இதுதான். அழுத்தம் பாதியானால் காற்றின் கொள்ளளவு இரு மடங்காகும் என்பது பாயிலின் விதி. 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்டது. 10 மீ. ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேற்பரப்பை அடையும்போது இரண்டு நுரையீரல் கொள்ளும் அளவாகப் பெருக முயலும். மூச்சை அடக்கியிருந்தால் அதற்குப் போக வழியில்லை. நுரையீரலின் நுண்ணறைகள் கிழிந்து, காற்றுக் குமிழிகள் இரத்தத்தில் புகுந்து மூளைக்குச் சென்று அடைத்துக்கொள்ளலாம். இதற்கு ஆழ்கடல் தேவையில்லை. நிறைந்த நுரையீரலோடு மூச்சை அடக்கி ஏறினால் ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஆழமே போதும். சிறு காற்றுச் சிலிண்டரோடு நீச்சல் குளத்தில் ஸ்கூட்டர் ஓட்டிப் பார்ப்பவர்கள் இதைக் குறிப்பாக மனதில் கொள்ள வேண்டும். மூச்சை அடக்காவிட்டாலும், வேகமாக ஏறுவதால் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாக வெளிப்பட்டு அழுத்தநீக்க நோயை உண்டாக்கும் ஆபத்து தனியாக இருக்கிறது.

நேராக மேலே பிடிப்பவர் அரிது. நடப்பது வேறு. முன்னே செல்லும்போது கருவியின் மூக்கு கொஞ்சம் உயர்ந்திருக்கும். வழியில் பாறை ஒன்று வரும், அதைத் தாண்ட மேலே ஏறுவீர்கள், தாண்டியதும் இறங்குவீர்கள், அடுத்த பாறைக்கு மீண்டும் ஏறுவீர்கள். கண் அடிமட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஆழமானி 14, 9, 13, 8 என்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இந்த ஊஞ்சலாட்டம் காதுக்கும் கேடு, அழுத்தநீக்கக் கணக்குக்கும் கேடு. ஆழமானியை மணிக்கட்டில், கைப்பிடியைப் பிடித்த நிலையிலேயே கண்ணில் படும்படி கட்டிக்கொள்ளுங்கள். மேலே வர வேண்டிய நேரத்தில் மோட்டாரை நிறுத்தி, கருவியைப் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டு, காற்று நிரப்பி மிதப்பைக் கூட்டும் மிதவைச் சட்டையின் காற்றை விட்டுக்கொண்டே துடுப்புக் காலணியால் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வாருங்கள்.

ஸ்கூபா இல்லை, மூச்சடக்கித்தான் இறங்குகிறேன். அப்போது என்ன கவலை?

வேறு கவலை. மூச்சு வாங்க வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது ஆக்சிஜன் குறைவு அல்ல, கரியமில வாயுவின் பெருக்கம். இறங்கும் முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்கினால் கரியமில வாயு வெளியேறிவிடும், ஆக்சிஜன் கூடுவதில்லை. தவிப்பு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, எச்சரிக்கை ஏதுமின்றி நினைவு தப்பும். மேலேறும்போது அழுத்தம் குறைவதால் நுரையீரலில் எஞ்சிய ஆக்சிஜனின் பகுதி அழுத்தமும் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) சரிந்து, கடைசிச் சில மீட்டரில்தான் பலர் மயங்குகிறார்கள்.

ஸ்கூட்டர் இதில் செய்யும் கேடு நுட்பமானது. காலை உதைக்காததால் உடல் களைப்பதில்லை, தவிப்பு தாமதமாக வருகிறது, அந்த மிச்சத்தை ஆழத்திலும் தூரத்திலும் செலவழிக்கத் தோன்றுகிறது. வேகமூச்சு வாங்காதீர்கள்; மேலிருந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும், உங்கள் ஆழத்துக்கு இறங்கக்கூடிய ஒருவர் இல்லாமல் இறங்காதீர்கள்.

எவ்வளவு தூரம் வரை போகலாம்?

பேட்டரி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது இதற்குப் பதில் அல்ல. மோட்டார் செத்துவிட்டால் கையிருப்புக் காற்றில் எவ்வளவு தூரம் நீந்தித் திரும்ப முடியும் என்பதுதான் பதில். இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர் காற்று. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், 3 பார் அழுத்தமுள்ள 20 மீ. ஆழத்தில் 60 லிட்டர் செலவழிப்பார். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு இருப்பு என்பது முக்குளிப்பவர்களின் பழைய விதி. அதன்படி 800 லிட்டரில் 13 நிமிடம் போகலாம். மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் அது 650 மீ. அங்கே மோட்டார் நின்றுவிட்டது என்று வையுங்கள். மணிக்கு 1 கி.மீ. வேகத்தில் நீந்தித் திரும்ப 39 நிமிடம் ஆகும். அதே ஆழத்தில் அதற்கு 2,340 லிட்டர் வேண்டும். இருப்பதோ 1,600. நீந்துபவரைக் காப்பாற்றிய விதி ஸ்கூட்டர் ஓட்டுபவரைக் கைவிட்டுவிடுகிறது. 5 மீ. ஆழம் வரை மேலேறி நீந்தினால் நிமிடத்துக்கு 30 லிட்டர்தான் செலவாகும், 1,600 லிட்டர் 53 நிமிடம் வரும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் மேலே நீரோட்டமோ படகுப் போக்குவரத்தோ இருந்தால் அந்த ஆறுதலும் இல்லை.

சரியான கணக்கு இப்படிப் போகும். 50 பார், அதாவது 600 லிட்டரைத் தொடாமல் ஒதுக்கிவிடுங்கள். மிஞ்சும் 1,800 லிட்டர் 20 மீட்டரில் 30 நிமிடத்துக்கு வரும். போகும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் நீந்தித் திரும்புவோம் என்றால், போவதற்கு ஒரு பங்கு நேரம், வருவதற்கு மூன்று பங்கு. ஆக ஏழரை நிமிடம், 375 மீ. அதற்கு மேல் போகக்கூடாது. இறங்குவதற்கும் ஏறுவதற்கும் ஆகும் காற்றைக் கழித்தால் இன்னும் குறையும். உங்கள் சுவாச அளவு, நீந்தும் வேகம் ஆகியவற்றை ஒரு நாள் அளந்து, இதே கணக்கில் உங்கள் எண்களைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

நீரோட்டம் இருந்தால் முதலில் அதற்கு எதிராகச் செல்லுங்கள். மணிக்கு 1 கி.மீ. நீரோட்டத்தில் மோட்டார் அதை எளிதாக வெல்லும். அதே வேகத்தில் நீந்தும் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

பேட்டரியைப் பொறுத்தவரை, உறையில் அச்சிட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் குறைந்த வேகத்துக்கானது. நீரின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாகக் கூடுகிறது. வேகத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு. பேட்டரி எட்டில் ஒரு பங்கு நேரத்தில் தீர்ந்து, நான்கில் ஒரு பங்கு தூரம்தான் தரும். குளிர்ந்த நீரில் அதுவும் குறையும்.

நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

முதலில் நீங்களும் நின்று, மூச்சைச் சீராக்குங்கள். பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தி ஆராய்ச்சி செய்யும் இடம் அதுவல்ல. துணைக்குச் சைகை காட்டி, பாதுகாப்பான வேகத்தில் ஆழத்தைக் குறைத்து, கருவியைப் பின்புற வளையத்தில் மாட்டிக்கொண்டு நீந்துங்கள். துணையின் ஸ்கூட்டர் ஓடுகிறது என்றால் அவர் உங்களை இழுத்துச் செல்லலாம். வேகம் வெகுவாகக் குறையும், பேட்டரி வேகமாகக் கரையும். இந்த இழுவையை ஆழமற்ற நீரில் முன்பே ஒத்திகை பார்த்திருந்தால்தான் அந்த நேரத்தில் கை நடுங்காமல் செய்ய வரும். கருவி நீர் புகுந்து கனத்துப்போய் உங்களையும் கீழே இழுக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். அதன் விலையை நினைத்துக் கொக்கியைக் கழற்றத் தயங்குவதுதான் ஆபத்து.

நிற்காமல் ஓடினால்?

நின்றுபோவதைவிட இது மோசமானது. கைப்பிடி மட்டும் உள்ள வகையை விட்டுவிட்டால் பிரச்சினை உங்களைவிட்டுப் போய்விடும். மேலே யாரும் நீந்தவில்லை என்றால் அதுவே போதும். இழுவை வகையில் கயிறு உங்களோடு மாட்டியிருப்பதால் அது உங்களையும் கொண்டுபோகும், இறுகிய கயிற்றின் கொக்கியைக் கழற்றவும் முடியாது. அப்போது முதல் வேலை ஆழத்தை மாறாமல் வைத்திருப்பது: கருவியைக் கிடைமட்டமாக, சிறு வட்டமாகச் சுற்றவிடுங்கள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் முதன்மை சுவிட்சை அணையுங்கள். சுவிட்சும் கேட்கவில்லை என்றால், கருவியை நெஞ்சோடு இழுத்துக் கயிற்றைத் தளர்த்திக் கொக்கியை விடுவிக்க வேண்டும். அதுவும் முடியாதபோது கயிற்றை அறுக்கும் கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இதையும் ஆழமற்ற நீரில் கண்ணை மூடிக்கொண்டு செய்து பழகுங்கள்.

புரொப்பெல்லரைச் சுற்றித்தான் கூடு இருக்கிறதே. முடியும் கயிறும் எப்படிச் சிக்கும்?

கூடு விரலைத் தடுக்கும். நீரை விட்டாக வேண்டுமே. நீர் நுழையும் இடைவெளியில் நீரோடு மிதந்து வரும் எதுவும் நுழையும். அவிழ்ந்த கூந்தல், நீச்சலுடையின் நாடா, தொங்கும் அழுத்தமானிக் குழாய், கழுத்துச் சங்கிலி என எல்லாமே இதில் அடங்கும். கூந்தலை முடிந்து தலைமூடிக்குள் செருகி, குழாய்களை மார்போடு கொக்கியால் மாட்டிவிட வேண்டும். கைவிடப்பட்ட மீன்பிடி நரம்பு இன்னொரு வகைத் தொல்லை: அது தண்டில் சுற்றிக்கொண்டு அடைப்பையே அறுத்துவிடும். மோட்டாரின் ஒலி திடீரென்று கனத்தால் உடனே நிறுத்தி, சுவிட்சை அணைத்த பிறகு பாருங்கள்.

துணையோடு செல்லும்போது என்ன முறை?

இருவரிடமும் ஸ்கூட்டர் இருக்க வேண்டும், அல்லது இருவரிடமும் இருக்கக் கூடாது. ஒருவர் ஓட்ட மற்றவர் நீந்துவது துணை அல்ல. முன்னும் பின்னுமாகச் செல்லாமல், தோளுக்குத் தோள் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் செல்லுங்கள். முன்னே செல்பவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னவர் கண்மறைந்திருப்பார். மெதுவான கருவியின் வேகமே இருவருக்கும் வேகம். மோட்டாரின் இரைச்சலில் சிலிண்டரைத் தட்டும் ஒலி கேட்காது என்பதால், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இருவரும் நின்று, காற்று, ஆழம், திசை, பேட்டரி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம். திசைகாட்டியை மோட்டாரின் மேலேயே பொருத்தாதீர்கள். மோட்டாரில் உள்ள காந்தம் முள்ளைத் திருப்பிவிடும்.

உடலை அசைக்காமலே போகிறோம். பிறகு ஏன் இவ்வளவு குளிர்கிறது?

அசைக்காததால்தான். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. நீந்துபவரின் தசைகள் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இழுபட்டுச் செல்பவருக்கு அது இல்லை. போதாததற்கு, எதிரே வரும் நீர் உடையின் கழுத்து வழியாகப் புகுந்து உள்ளே சூடேறிய நீரை வெளியேற்றிவிடும். வழக்கத்தைவிட ஒரு படி தடிமனான உடை அணியுங்கள். விரல் மரத்துவிட்டால் பொத்தானை விட்டதே தெரியாது.

மேலே படகுகள் இருந்தால்?

இறங்கும் இடத்தில் கொடி பறக்க வேண்டும். சிவப்பில் வெள்ளைச் சாய்கோடு உள்ளது முக்குளிப்புக் கொடி. வெள்ளையும் நீலமும் உள்ள ஆல்ஃபா கொடி பன்னாட்டுச் சமிக்ஞை. ஆனால் நங்கூரமிட்ட கொடி நங்கூரமிட்ட இடத்தைத்தான் காட்டும். நீங்கள் மூன்று நிமிடத்தில் 150 மீ. தள்ளியிருப்பீர்கள். மிதவையைக் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்வதாக இருந்தால் கயிறு எப்போதும் பின்னோக்கி விறைப்பாக இருக்க வேண்டும். சட்டென்று திரும்பினால் தளர்ந்த கயிறு நேராகப் புரொப்பெல்லருக்குத்தான் வரும். சுருட்டி எடுத்துச் சென்று, மோட்டாரை நிறுத்திய பிறகு, ஏறுவதற்கு முன் மிதவையை மேலே அனுப்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தலையை வெளியே நீட்டும் முன் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்; படகின் இரைச்சல் கேட்டாலும் அது எத்திசையில் இருந்து வருகிறது என்று நீரடியில் காதால் கண்டுபிடிப்பது கடினம்.

பவளப்பாறை, ஆமை போன்றவற்றின் அருகே ஓட்டலாமா?

அருகே போக வேண்டும் என்றால் மோட்டாரை நிறுத்தி நீந்திப் போங்கள். புரொப்பெல்லர் தள்ளும் நீர் மணலையும் வண்டலையும் கிளப்பிப் பவளத்தின் மீது படியவைக்கும். ஆமை மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டிய உயிர். அதைத் துரத்துவது அதன் மூச்சைப் பறிப்பது போன்றது.

குழந்தைகள் ஓட்டலாமா?

கருவியின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள வயதுக்கு உட்பட்டு, குளத்தில், மிதப்பறை பொருத்திய நிலையில், குறைந்த வேகத்தில், கைநீட்டும் தூரத்தில் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் நீரிலேயே இருக்கும்போது ஓட்டலாம். கரையில் நாற்காலியில் இருப்பவரைக் கணக்கில் சேர்க்க முடியாது.

உள்ளே நீர் புகுந்துவிட்டால், உலர்த்திவிட்டு மீண்டும் பயன்படுத்தலாமா?

லித்தியம் அயனி பேட்டரி கடல்நீரில் நனைந்திருந்தால் கூடாது. வெளியே உலர்ந்து தெரிந்தாலும் உள்ளே உப்பு இணைப்புகளை அரித்துக்கொண்டும் குறுக்குச் சுற்றை உண்டாக்கிக்கொண்டும் இருக்கும். பல மணி நேரம் கழித்தும் தீப்பிடிக்கலாம். சார்ஜ் போடாமல், வீட்டுக்குள் கொண்டுவராமல், எரியக்கூடிய பொருள் அருகில் இல்லாத திறந்த வெளியில் வைத்து, மின்கழிவாக ஒப்படைக்க வேண்டும். பழைய ஈய அமில பேட்டரி உள்ள கருவியில் ஆபத்து வேறு: அது ஹைட்ரஜனை வெளிவிடும் என்பதால் கருவியின் பேட்டரி அறையை மூடிவைத்துச் சார்ஜ் செய்யக் கூடாது, சார்ஜ் முடிந்ததும் உடனே மூடவும் கூடாது.

விமானத்தில் எடுத்துச் செல்லலாமா?

பேட்டரியின் வாட்-மணி அளவைப் பொறுத்தது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் அது கிடைக்கும். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 160க்கு மேல் பயணிகள் கொண்டுசெல்ல இயலாது. 14.8 வோல்ட், 6.6 ஆம்பியர்-மணி பேட்டரி 98 வாட்-மணிக்குள் அடங்கும், 22.2 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 222 ஆகிவிடும். கழற்றிய பேட்டரியின் முனைகளை மூடி, கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

பயன்படுத்தாத மாதங்களில் எப்படி வைப்பது?

மூடியைத் திறப்பதற்கு முன் நன்னீரில் சற்று நேரம் ஊறவைத்து, பொத்தானைப் பலமுறை அழுத்தி இடுக்கில் உள்ள உப்பைக் கரைத்துவிடுங்கள்; பேட்டரி இணைந்திருந்தால் முதன்மை சுவிட்ச் அணைந்திருக்கட்டும். வெளிப்புறம் முழுவதும் உலர்ந்த பிறகு, மூடியைக் கீழ்நோக்கிச் சாய்த்துத் திறந்தால் ஓரத்தில் நின்ற சொட்டு உள்ளே போகாது. ஓ ரிங்கைக் கழற்றித் தனியாக ஒரு சிறு பையில் போட்டு வையுங்கள். மாதக்கணக்கில் இறுக்கத்தில் கிடந்தால் அது தட்டையாகிவிடும். லித்தியம் பேட்டரியை முழுதாகவும் காலியாகவும் வைக்காமல், பாதி அளவுக்குச் சார்ஜ் செய்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் கருவியை விட்டுத் தனியே வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும்.